கிரந்திக்குப் பிரெஞ்சுச் சொல்

இந்த அறையில் ஹீட்டர் நன்றாக வேலை செய்கிறது. லா சப்பலில் எங்கள் அறையில் ஜன்னலால் குளிர் இறங்கும். ஜன்னலோரம் வரதண்ணைதான் படுப்பார். எனக்குத் தடிமன் பிடித்துவிடும் என்று சுவர்ப்பக்கத்தை எனக்குத் தந்திருந்தார்.

எனக்குப் பிரெஞ்சு வரும். இருந்தும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நான்தான் கேட்டேன். எல்லாம் ஒரு சொல்லில் இருக்கிறது, அதைத் தமிழில்தான் சொல்ல முடியும். நான் சொல்வதில் ஒன்றையும் விடாமல் இந்தப் பொலிஸ்காரர்களுக்குச் சொல்லுங்கள்.

உயிர்வேதியியல் படித்தேன். இரண்டாம் ஆண்டோடு நிறுத்திவிட்டேன். அதன்பிறகு கார்ஜ் புறநகரில் இருக்கும் அப்பா எனக்குக் கதவைத் திறக்கவில்லை. அப்பாவின் பழைய சினேகிதர் வரதராசா தன் அறையில் பாதியைத் தந்தார். அவர் ஓர் உணவகத்தில் சமையல்காரர். நான் இரவில் களஞ்சியமொன்றில் பொதி பிரிக்கிறவன், பகலில் நித்திரை கொள்வேன். ஒருவருக்கொருவர் இடைஞ்சல் இல்லாமல்தான் இருந்தோம்.

பிறகு அவருக்கு நெஞ்சு பழுதாயிற்று. முந்தி வந்து மாறிய சயரோகம் விட்டுப்போன இடத்தில் வேறொரு கிருமி இருந்துகொண்டது. குளிசைகளுக்கு அது அசையவில்லை. வேலையை விட்டார். பகல் முழுவதும் அறையில் இருந்து இருமினார். என்னை எழுப்பக்கூடாது என்று தலையணைக்குள் முகத்தைப் புதைத்து இருமுவார். அமுக்கிய இருமல் திறந்த இருமலைவிட மோசம். எப்போது முடியும் என்று காதைக் காத்திருக்க வைக்கும்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் மர்கரீத் ஒரு புது மருந்தைப் பரீட்சித்துக்கொண்டிருந்தார். கிருமிகொல்லியை நுண்ணிய துகள்களில் அடைத்து, வாயால் நெஞ்சுக்குள் இழுப்பது. துகள் சளியில் ஒட்டி நின்று மருந்தை மெல்ல மெல்ல விடும். துகளைக் கைட்டோசானில் செய்கிறார்கள். இறால் ஓட்டிலிருந்து எடுக்கிற பொருள். என் அரைகுறைப் படிப்பில் இது இருந்தது. நல்ல மருந்து. மற்றவர்களுக்குச் சுகம் வந்தது என்று கேள்விப்பட்டேன்.

வரதண்ணைக்கு அந்தக் கோடைக்குள் இருமல் நிற்க வேண்டியிருந்தது. மனைவி தில்லைநாயகிக்கு விசா கிடைத்திருந்தது. "எயார்போட்டிலை நான் இப்பிடிக் குரைச்சுக்கொண்டு நிண்டால், அவள் அடுத்த பிளேனிலை திரும்பிப் போயிடுவாள், தம்பி" என்றார். மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போனார்.

மருத்துவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். அவரில் பிழை இல்லை. இறால், நண்டு ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"இறால் எனக்குச் சரியான கிரந்தியெல்லோ. உனக்குத் தெரியும்தானே. ஏன், நெஞ்சுக்குள்ளை இறால் கறியோ விடப்போறா?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. மருத்துவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிரந்தி உங்களுக்கும் தெரிந்திருக்கும். புண் உள்ளவன் கத்தரிக்காய் சாப்பிட்டால் புண் கூடும், அது கிரந்தி. சொறி உள்ளவன் சூரை மீன் சாப்பிட்டால் கிரந்தி. எங்கள் சனம் பாதிச் சாப்பாட்டைக் கிரந்தி என்றுதான் சொல்லும். அதற்குப் பிரெஞ்சில் சொல் இல்லை. ஆகவே நான் இப்படிச் சொன்னேன்: புண் இருந்தால் இறாலைத் தவிர்ப்பார்களாம், ஊர் நம்பிக்கை, வேறொன்றுமில்லை. மருத்துவர் புன்னகைத்து அடுத்த கேள்விக்குப் போனார்.

இதுவரைக்கும் மொழிபெயர்ப்புப் பிழை என்று சொல்லலாம்.

அதற்கு முந்தைய வருடம், இறால் கறிக் கரண்டியால் கிளறிய பருப்பைச் சாப்பிட்டு அவருக்கு முகம் வீங்கி மூச்சு முட்டியது. வேறோர் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான். வாசலில் நின்ற தாதியிடம் "அலெர்ஜி" என்று கத்தினேன். அன்றைக்கு எனக்குச் சொல் உடனே வந்தது.

முதல் தடவை மருந்தை அவர்கள் முன்னால்தான் இழுத்தார். மிகக் குறைந்த அளவு. சற்று நேரத்தில் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, நெஞ்சு இறுக்குது. சொல்லு அவவுக்கு."

நெஞ்சில் ஏதோ இளகுகிற மாதிரி இருக்கிறதாம் என்றேன். அந்தச் சொற்களைத் தெரிந்துதான் எடுத்தேன். மருத்துவருக்குச் சந்தோஷம். வரதண்ணையிடம் திரும்பி, "இது வழமையாம் அண்ணை, போகப்போகச் சரிவருமாம்" என்றேன்.

"அப்ப சரி. நீ படிச்சனிதானே" என்றார்.

வீட்டில் எடுக்க வேண்டியது முழு அளவு. அன்று காலை நான் வேலையால் வந்து படுத்திருந்தேன். அவர் ஜன்னலோரம் இருந்து மருந்தை இழுத்தார். ஒருதரம் "தம்பி" என்றார். சத்தமாக இல்லை. அந்த நேரத்திலும் என்னை எழுப்பத் தயங்கினார் என்று நினைக்கிறேன். நான் விழித்துத்தான் இருந்தேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தில்லைநாயகி அக்கா தொலைபேசியில் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "கடைசியிலை கஷ்டப்பட்டு அந்தரிச்சவரோ தம்பி?"

"இல்லை அக்கா. நித்திரையிலை போன மாதிரித்தான்."

அது பொய். ஆனால் அவருக்காகச் சொன்ன பொய். மருந்திலும் மருத்துவரிலும் பழி விழுகிறது என்று கேள்விப்பட்டுத்தான் நானாக இங்கே வந்தேன். செய்யாத பிழைக்கு ஒருவர் தண்டனை பெறுவதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. ஏன் செய்தாய் என்று இவர்கள் கேட்கிறார்கள். அவர் பட்ட பாட்டைப் பார்த்துச் சகிக்காமல் செய்தேன். அவருக்கு ஓய்வு வேண்டியிருந்தது. அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

அம்புலன்சுக்கு அடித்தது பின்னேரம். அதுவரை என்ன செய்தேன் என்றால், நித்திரை கொண்டேன். அந்த அறைக்கு வந்து அவ்வளவு நல்ல நித்திரை எனக்குக் கிடைத்ததே இல்லை.

இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நீங்கள் மொழிபெயர்க்காமல் விடலாம். வழக்குக்கு அது தேவைப்படாது.