ஐந்து மணி அழைப்பு

தொலைபேசிக் கூண்டின் கதவு ஏன் அத்தனை கனம் என்று நிறைய பேர் கேட்பார்கள். தெருச் சத்தம் உள்ளே வராமலிருக்கத்தான், ஐயா. முதலில் மரத்தில் செய்தார்கள். மழையில் ஊறி இற்றுப்போயிற்று. பிறகு வார்ப்பிரும்பு. ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம் என்று சின்னச் சின்னக் கண்ணாடிகள். காற்றுக்குக் கூரையடியில் துளைகள். எல்லாம் யோசித்துச் செய்தது. முப்பது வருடம் அவற்றைப் பழுது பார்த்தவன் நான்.

எங்கள் தெருமுனையிலும் ஒன்று உண்டு. மாலை ஐந்து மணிக்கு என் மகள் அதற்குள் போய் நிற்பாள். அவள் மனம் வைத்திருந்த அந்த லாரி டிரைவர் எந்த ஊரில் இருந்தாலும் அந்த நேரத்துக்கு அழைப்பான். விஷயம் என் காதுக்கு எட்டியபோது நான் சத்தம் போடவில்லை, கை ஓங்கவில்லை. தாயில்லாப் பெண். அவளும் போய்விட்டால் வீட்டில் எனக்கு யார்? அந்தப் போனின் மணிக்குப் போகும் கம்பியை மட்டும் கழற்றிவிட்டேன். அவனுக்கு மணி அடிப்பது போலவே கேட்கும்; கூண்டில் அடிக்காது. நாளானால் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

நாற்பது நாள் நின்றாள். நடுவில் ஒரு காலையில் என்னிடமே கேட்டாள்.

"அப்பா, அந்த போன் சரியா இருக்கா? கொஞ்சம் பாக்கறீங்களா?"

கூட்டிப்போய் ரிசீவரை அவள் காதில் வைத்தேன். டயல் டோன் கேட்டது.

"போன்ல ஒண்ணுமில்லம்மா. கூப்பிடறவங்க கூப்பிடணும்ல."

ஐந்து மணிக்கு ரிசீவரை எடுத்திருந்தாலே அவன் குரல் கேட்டிருக்கும். எடுத்தால் லைன் பிஸியாகிவிடுமே என்று அவள் அதைத் தொடாமலே நின்றாள். ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நாற்பத்தோராம் நாள் அவளை ஏரியிலிருந்து எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் கம்பியைத் திரும்ப மாட்டப் போனேன். மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது ஐந்து ஆயிற்று. மணி அடித்தது. நின்று, மறுபடி அடித்தது. வெகுநேரம். அங்கிருந்து நேராக இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து, அவன் அவளை ஏமாற்றிக் கைவிட்டான் என்று எழுதிக் கொடுத்தேன். அது பொய். அவனை விட்டுவிடுங்கள்.

அந்த அழைப்பை ஏன் எடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். பொதுமக்களுக்கு வரும் அழைப்பைப் பழுது பார்ப்பவன் எடுக்கக் கூடாது, ஐயா. முப்பது வருடத்தில் ஒருநாள்கூட நான் விதி மீறியதில்லை.