டிக்கியில் ஒரு பாயிண்ட்

வண்டியைச் சுத்தமாக வைத்துக்கொள்வது என் பழக்கம். என் காரின் டிக்கியைத் திறந்தால் ஒரு துடைக்கிற துணி, ஒரு குடை, அவ்வளவுதான் இருக்கும். அதனால், அதில் ஒரு குளிர்பெட்டி வைக்க வேண்டும், அதற்கு மின்சாரம் கொடுக்கத் தனியாக ஒரு பாயிண்ட் போட வேண்டும் என்று தம்பி சொன்னபோது, தரைவிரிப்பை வெட்டிவிடுவார்களே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. வெட்டவில்லை. நல்ல எலக்ட்ரீஷியன். முன்னால் பேட்டரியிலிருந்து ஒயரை இழுத்து, கதவோரத்துப் பட்டிக்கு அடியில் ஓட்டி, பின்சீட்டுக்குக் கீழே நுழைத்து, டிக்கியின் பக்கச் சுவரில் மூடி போட்ட சாக்கெட்டாக முடித்துக் கொடுத்தான். கீழே உங்கள் ஆட்கள் நிறுத்தி வைத்திருக்கிறார்களே, போய்ப் பாருங்கள். கம்பெனியிலிருந்தே அப்படி வந்தது போலத்தான் இருக்கும்.

பெட்டி எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

தம்பியின் மனைவிக்கு மாதம் நிறையாமலே பெண் குழந்தை பிறந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் போலிருந்தது. அதை நகரத்து ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். தாயைத் தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த இடத்தில் தையல் சீழ் பிடித்துப் பிரிந்துகொண்டது. படுக்கையை விட்டு அசையக் கூடாது, இரண்டு மணி நேரக் கார்ப் பயணத்தை நினைத்தே பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழந்தைக்கோ தாய்ப்பால்தான் மருந்து, மாவுப்பாலை அந்தக் குடல் தாங்காது என்றார்கள். தம்பிக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட். என் அலுவலகம் அதே நகரத்தில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில். ஆகவே பாலை நான் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நான் செய்துவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் பால் வாங்கும் ஜன்னல் மாலையில் மட்டும் திறக்கும். நான் காலையில் கிளம்புகிறவள். பகல் முழுக்க வண்டி வெயிலில் நிற்கும். அதனால்தான் பெட்டி, அதனால்தான் பாயிண்ட். தம்பி தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பினான்.

"அக்கா, வண்டி நின்னாலும் பெட்டி ஓடணும். அத மட்டும் சொல்லிடு."

எலக்ட்ரீஷியனும் தெளிவாகத்தான் கேட்டான்.

"சாவி போட்டா மட்டும் கரண்ட் வந்தாப் போதுமா மேடம், இல்ல வண்டி நின்னாலும் வரணுமா?"

"சாவி போட்டா மட்டும் போதும்" என்றேன்.

இதை ஏன் சொன்னேன் என்று நானும் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்க ஓடினால் பேட்டரி இறங்கிவிடும், சாயங்காலம் வண்டி கிளம்பாது என்று பிறகு எலக்ட்ரீஷியனிடம் விளக்கம் சொன்னேன். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த நிமிடத்தில் பேட்டரி என் மனத்தில் இல்லை. அன்று காலை தம்பி மனைவி பாட்டில்களை என் கையில் கொடுத்த விதம்தான் இருந்தது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல பெண். வாய் ஓயாது. வலியிலும் சிரிப்பாள். பால் எடுக்கும் மெஷினை மாட்டிக்கொண்டு, "அண்ணி, நான் பண்ணையில சேர்ந்துட்டேன், கழுத்துல மணி ஒண்ணுதான் பாக்கி" என்பாள். ஒவ்வொரு பாட்டில் மீதும் ஒட்டுகிற காகிதத்தில் பேரும் நேரமும் எழுதினால் போதும். அவள் ஒரு படமும் வரைவாள். ஒரு நாள் பூனை, ஒரு நாள் குடை, ஒரு நாள் மூக்கு நீண்ட ஒரு முகம். அது நான்தானாம்.

அன்று காலை பாட்டிலைக் கொடுக்கும்போது, "பத்திரம் அண்ணி, இது என் உயிர்" என்று சொல்லிவிட்டு, நான் பிடித்திருந்த விதம் போதாது என்று என் விரல்களை அவளே மடக்கி வைத்தாள். என் விரல்களை. அம்மா போனபோது என் தம்பிக்கு ஏழு வயது. அந்த ஏழு வயதிலிருந்து அவனுக்குச் சோறு ஊட்டிய விரல்கள் அவை. ஒரு பாட்டிலை எப்படிப் பிடிப்பது என்று எனக்குச் சொல்லித் தந்தாள்.

பிள்ளை இல்லாதவள், பொறாமையில் செய்தாள் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அது சுலபம், எல்லோருக்கும் உடனே புரியும். எனக்குக் கல்யாணம் ஆயிற்று, அது முடிந்தும் போயிற்று. பிள்ளைக்காக நான் ஒரு நாளும் ஏங்கியதில்லை. ஒரு வாய்க்கு ஊட்டுகிறவளுக்குத்தான் அந்த வாய் சொந்தம் என்று நம்பி வளர்ந்தவள் நான். அந்த வீட்டில் இருந்த வாய்கள் எல்லாம் என்னுடையவை. முதல் முறையாக, என் கையில் இருப்பது வேறொருத்தியின் ஊட்டல், நான் வெறும் கொண்டுபோகிறவள் என்று ஆயிற்று. ஜன்னலில் இருந்த நர்ஸ் என் பேரைக் கேட்டதே இல்லை. "பால்காரம்மா வந்தாச்சு" என்பாள். வேடிக்கையாகத்தான் சொல்வாள். பிறகு பாட்டிலைத் திருப்பி, "இன்னைக்கு என்ன படம்?" என்று பார்த்துச் சிரிப்பாள். படம் வரைந்தவளை அவள் பார்த்ததுகூட இல்லை. தினமும் அவள் எதிரில் நின்றவள் நான்.

சாவி போட்டால் மட்டும் ஓடுகிற பெட்டி, அலுவலக வாசலில் நின்றதும் நின்றுவிடும். சாயங்காலம் பாட்டில்கள் வெதுவெதுப்பாக இருக்கும். நர்ஸ் தொட்டுப் பார்ப்பாள், மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாள், தலையை ஆட்டுவாள். அங்கேயே ஒரு தொட்டி உண்டு, அதில் கொட்டிவிடுவோம். பூனையும் குடையும் நனைந்து ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

அந்த நாட்களில் அவள் கலங்கவில்லை. கோளாறு ஒயரில்தான் என்று அவளுக்குத் தெரியும். கோளாறு வெளியே இருக்கும்வரை மனிதர்களுக்குத் தெம்பு போகாது. "விடுங்க அண்ணி, அந்தாள மறுபடி போய்ப் பாருங்க. நான் இன்னும் கறந்து தரேன்" என்றாள். தம்பிதான் கோபப்பட்டான், அதுவும் எலக்ட்ரீஷியன்மீது. நான் மறுக்கவில்லை.

மறுபடி போனேன். இந்த முறை எலக்ட்ரீஷியன் ஸ்டெப்னி டயருக்குப் பக்கத்தில் தனியாக ஒரு பேட்டரியே வைத்துவிட்டான். வண்டி ஓடும்போது அது சார்ஜ் ஆகும், நிற்கும்போது பெட்டி அதிலிருந்து ஓடும். "இனிமே நாள் பூரா நிறுத்தினாலும் கவலை இல்ல மேடம்" என்றான். அடுத்த நாள் சாயங்காலம் பாட்டில்கள் சில்லென்று இருந்தன. நர்ஸ் மோந்து பார்த்துவிட்டு உள்ளே எடுத்துப்போனாள். குழந்தை குடித்தது. வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவள் கத்திய கத்தலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"குடிச்சிட்டாளா? என் பாலையா? கக்கலையே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க அண்ணி!"

நான் வீடு திரும்பியபோது அவள் தெருவில் போகிறவர்களை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தாள். தம்பி அவள் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்று இரவுச் சாப்பாட்டை நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அந்தப் பெட்டியின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. ஒரு பக்கம் தள்ளினால் நீல விளக்கு எரியும், உள்ளே குளிரும். மறுபக்கம் தள்ளினால் சிவப்பு, உள்ளே சுடும். சாப்பாட்டைச் சூடாக வைத்துக்கொள்வதற்காம். அப்படி ஒரு வசதி இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. வாங்கி வந்த அட்டைப்பெட்டியின் விளக்கங்களைப் படித்துப் பார்க்கிறவள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான்.

மறுநாள் அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தியதும் அதைச் சிவப்புக்குத் தள்ளினேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறங்கி வந்து மறுபடி நீலத்துக்குத் தள்ளினேன். எதிர்க்கடையில் ஐஸ் வாங்கிப் பாட்டில்களைச் சுற்றி அடுக்கினேன். போகும் முன் ஐஸை எடுத்து வாசல் செடிக்குப் போட்டேன். ஜன்னலுக்குப் போனபோது பாட்டில்கள் கை விறைத்துப்போகும் அளவுக்குக் குளிர்ந்திருந்தன. பால் மட்டும் புளித்திருந்தது.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். இப்போது ஒயரில் குறை இல்லை, பெட்டியில் குறை இல்லை. தம்பி ஆஸ்பத்திரிக்கே போன் போட்டுக் கேட்டான். பாட்டில் குளிர்ச்சியாகத்தான் வருகிறது, பால்தான் சரியில்லை என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜன்னல் நர்ஸ் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னாள். "சில அம்மாக்களுக்குப் பால் சீக்கிரம் வாடை மாறிடும். லேசா சூடு பண்ணி, உடனே ஆற வச்சுக் கொடுக்கச் சொல்லுங்க, சரியாயிடும்." அதை வீட்டில் சொல்ல மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று எழுத வேண்டாம். சொல்லவில்லை.

ஒரு விஷயத்தை நீங்கள் கவனிக்க வேண்டும். கெட்ட பால் ஒரு சொட்டுகூடக் குழந்தையின் வயிற்றுக்குள் போகவில்லை. நர்ஸ் மோந்து பார்க்காமல் வாங்க மாட்டாள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஒருநாள் அவளுக்குச் சளி பிடித்திருந்தது. அன்று நானே, "நல்லாப் பாருங்க சிஸ்டர், வாடை வருது" என்று சொல்லிக் கொட்டவைத்தேன். மாவுப்பால்தான் கொடுத்தார்கள். வயிறு வீங்கியது, ஆபரேஷன் செய்தார்கள், பிறகு தேறிவிட்டது. தொப்புளுக்கு மேல் ஒரு தழும்பு இருக்கிறது. தினமும் அதில் நான்தான் எண்ணெய் தடவுகிறேன்.

ஆபரேஷன் நடந்த வாரத்தில் ஒரு காலை, அவள் என்னைக் கூப்பிட்டாள். மெஷினை அப்போதுதான் கழற்றியிருந்தாள். பாட்டிலில் படம் எதுவும் இல்லை. படம் போடுவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தாள்.

"அண்ணி, இத மோந்து பாருங்க. இப்பதான் எடுத்தது. எனக்கு ஒண்ணும் தெரியல. என் மூக்கையே நான் நம்பல. நீங்க சொன்னா நம்புறேன்."

குனிந்து மோந்து பார்த்தேன். சூடாக இருந்தது. இனிப்பான, சுத்தமான வாசனை. அப்படி ஒரு வாசனையை நான் அதற்கு முன் அறிந்ததில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "லேசா வருதும்மா" என்றேன்.

"உள்ளேருந்தேவா?"

"சிலருக்கு உடம்பு வாகு அப்படி. உன் தப்பு ஒண்ணும் இல்ல."

அவள் அழவில்லை. பாட்டிலை மூடினாள், மெஷினைக் கழுவித் துடைத்து அதன் பையில் வைத்தாள். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிக் காய்ச்சல் கண்டது. நானே துணி வைத்து இறுக்கிக் கட்டிவிட்டேன், இரவு பகல் பார்த்துக்கொண்டேன். "நீங்க இல்லேன்னா நான் என்ன ஆயிருப்பேன் அண்ணி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை அப்போது யாரும் மடக்கி வைக்கவில்லை.

குழந்தை வீட்டுக்கு வந்தபோது அவள் தொடப் பயந்தாள். திரும்பத் திரும்பக் குளிப்பாள், ரவிக்கையைக் கழற்றி மோந்து பார்ப்பாள். "என் மேல வாடை வருதா?" என்று தம்பியைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆரம்பத்தில் வரவில்லை என்றான், பிறகு பதில் சொல்வதை விட்டுவிட்டான். தூக்காதே என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. "பயமா இருந்தா விட்டுடும்மா, நான் இருக்கேன்ல" என்று மட்டும் சொல்வேன். கொஞ்ச நாளில் அவள் அம்மா வந்து அவளை அழைத்துக்கொண்டு போனாள். வாசலில் நின்றபோது அவள் குழந்தையைக் கேட்கவில்லை.

போன மாதம் தம்பி குழந்தையோடு வெளியூர் போக வண்டியை எடுத்தான். குழந்தையின் சாப்பாடு கெடாமல் இருக்க வேண்டும் என்று பெட்டியை டிக்கியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது ஸ்விட்ச் கண்ணில் பட்டிருக்கிறது. அப்போதும் அவனுக்குப் புரியவில்லை. என் தம்பிக்கு எதுவும் சீக்கிரம் புரியாது. பேட்டரியைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று எலக்ட்ரீஷியனிடம் போயிருக்கிறான். அங்கே பழைய கோபத்தில் ஏதோ சொல்ல, அவன் பதிலுக்கு, "சாவி போட்டா மட்டும் போதும்னு உங்க அக்காதானே சார் சொன்னாங்க" என்றிருக்கிறான்.

வெளியூர் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்தான். சமையலறை வாசலில் நின்றான், பெட்டி கையில் இருந்தது.

"அக்கா. ஒரு நாள் பால் நல்லா இருந்துச்சே. அடுத்த நாள் என்ன ஆச்சு?"

அவனை நான் பொய் சொல்லி வளர்க்கவில்லை. சொன்னேன், இப்போது உங்களிடம் சொன்ன மாதிரியே. அவன் அடிப்பான் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டான். அடுப்பில் குழந்தைக்குக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அவனைச் சுற்றிப் போய் அதைக் கிளறிவிட்டேன். அடிப்பிடித்தால் அது குடிக்காது.

அவ்வளவுதான். வாக்குமூலத்தில் கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். எல்லாம் நான்தான் செய்தேன், தெரிந்துதான் செய்தேன், வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

அவளை வரவழைத்திருக்கிறீர்கள், பக்கத்து அறையில் குழந்தையை அவளிடம் கொடுக்கப்போகிறீர்கள் என்று சொன்னார்கள். கொடுங்கள், நான் தடுக்கவில்லை. கஞ்சி இளம்சூடாக இருக்க வேண்டும், கரண்டியை நாக்கின் நடுவில் வைக்க வேண்டும், இல்லையென்றால் துப்பிவிடும் என்று அவளிடம் சொல்லுங்கள். அவளுக்குப் பழக்கமில்லை, பாவம். எப்படியும் அது அழும். அழ ஆரம்பித்ததும் என்னைக் கூப்பிடுங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன்.