ரேகை விழாத விரல்

பள்ளிகொண்டாவில் வாட்ச்மேன் வேலையை விட்டுவிட்டு நடந்து வந்தவன், கால் வலித்ததும் ஆம்பூர் பஸ்ஸில் ஏறினேன். முன் சீட்டில் ஷூ கம்பெனிப் பெண்கள் இருவர். இளையவள் மடியில் வயலின் பெட்டி.

“இனிமே சர்ச்சுல வாசிக்க மாட்டேன்க்கா. இத குடுத்துட்டு வர்றேன்,” என்றாள்.

“இன்னாடி ஆச்சு?”

“தந்திய அழுத்தி அழுத்தி இடது கை விரலெல்லாம் காய்ச்சுப் போச்சு. கம்பெனி அட்டெண்டன்ஸ் மெஷின்ல ரேகை விழல. வேலைக்குப் போயும் ரெண்டு நாள் ஆப்சென்ட்.”

“வலது கைய வையேன்.”

“அது பசை தடவியே தேஞ்சுபோச்சேக்கா.”

“அப்ப கம்பெனிய உட்டுட்டு வயலினே வாசி,” என்று மூத்தவள் சிரித்தாள்.

“புள்ளைங்களுக்கு நீ சோறு போடுவியா?”

சர்ச் நிறுத்தத்தில் இளையவள் பெட்டியோடு இறங்கினாள்.

மறுநாள் காலை ஒரு தோல் கிடங்கில் சுமை தூக்கச் சேர்ந்தேன். அங்கிருந்த அட்டெண்டன்ஸ் மெஷின் என் விரல் ரேகையை ஒரே தடவையில் எடுத்துக்கொண்டது.