நாலு விரல் மிச்சம்

பீட் விஸ்கியை முதன்முதலாக மூக்கருகே கொண்டுபோகிற எவரும் டெட்டால் நாறுகிறது என்றுதான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். புதுக்கடை ஊரில் இருபத்தெட்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருப்பவனுக்கு அதில் ஒரு வசதியும் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் எதைக் குடித்துவிட்டுப் போனாலும் என் மனைவி செல்லத்தாய் அதைக் கடை வாடை என்றே எடுத்துக்கொள்வாள். மறுநாள் காலையில் சபையில் காணிக்கைப் பை ஏந்துகிறவன் நான். அந்த வசதி எனக்குத் தேவையாக இருந்தது.

இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். யேசுரத்தினத்தின் எதிர்வீட்டு அன்னக்கிளிக்குத் தன் வாசல்வரை கேஸ் மணத்திருக்கிறது, அவன் வீட்டுக்குள்ளேயே அரைமணி நேரம் இருந்த சிலுவைதாசனுக்கு, அதாவது எனக்கு, மணக்கவில்லையா என்று கேட்டீர்கள். மணத்தது. கேட்டைத் திறக்கும்போதே மணத்தது. அப்புறம் ஏன் சொல்லவில்லை என்பதை எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

யேசுரத்தினம் என்னோடு இரணியலில் ஒரே பெஞ்சில் படித்தவன். மஸ்கட்டில் ஒரு பெரிய ஓட்டலின் மதுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தான். திரும்பி வந்தபோது பணத்தைவிட அதிகமாக அவன் கொண்டுவந்தது ஒரு மூக்கு. ஸ்காட்லாந்தில் பீட் என்கிற சதுப்பு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள், அந்தப் புகையில்தான் பார்லியை வாட்டுவார்கள் என்று அவன்தான் எனக்குச் சொன்னான். மண்ணுக்கு மண் புகை மாறும். கடலோரத்து மண்ணில் கடல்பாசி மக்கிக் கிடக்கும், அதில் அயோடின் வாடை வரும். உள்நாட்டு மண்ணில் விறகுக்கரி வாடை வரும். பீப்பாயில் வருடம் கூடக் கூடப் புகை அடங்கிவிடும். பன்னிரண்டு வயதுப் புட்டி முகத்தில் ஊதும், இருபத்தைந்து வயதுப் புட்டி காதில் மெல்லச் சொல்லும் என்பான்.

எங்களிடம் எப்போதும் மூன்று புட்டிகள் இருக்கும். வளைகுடாவிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் கொண்டுவருவது. அவற்றின் பெயர்கள் என் வாயில் நுழையாது. அதனால் நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஒன்று ஆஸ்பத்திரி, ஒன்று சூளை, உப்பும் புகையுமாக இருப்பது கருவாடு. சனிக்கிழமைகளில் ஒருவன் மூன்று சில்வர் தம்ளர்களில் ஊற்றிக் கொண்டுவர வேண்டும். மற்றவன் நிறம் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு பெயர் சொல்ல வேண்டும். என் கடையிலிருந்து கொண்டுபோன சொட்டுமருந்துக் குழலால் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் மணம் விரியும். வாயை இத்திரி, கொஞ்சம்போல, திறந்துவைத்துக்கொண்டு மோந்தால் எரிவு தெரியாமல் மணம் மட்டும் வரும். தொட்டுக்கொள்ள அவித்த மரச்சீனிக்கிழங்கு. யார் என்ன சொன்னார்கள் என்பதை ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவைப்பது என் வேலை. அந்த நோட்டு இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது.

பத்துக்கு ஒன்பது தடவை அவன்தான் ஜெயிப்பான். நான் தப்பாகச் சொல்லும்போதெல்லாம், "ஒனக்க மூக்கு கண்ணாடி மாட்டதுக்கு உள்ளதுடே தாசா" என்பான். அவன் மனைவி ஜெபகனி, மகள் பெபிஷா, என் மகன் ஜெனித், எல்லோர் முன்னாலும் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவனை எனக்குப் பிடிக்கும் என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும். எனக்கு வேறு கூட்டாளி கிடையாது.

இரண்டாயிரத்து இருபத்தொன்றில் எல்லோருக்கும் வந்த காய்ச்சல் அவனுக்கும் வந்தது. ஜூன் மாதம். பிழைத்து எழுந்தான், ஆனால் மூக்கு போய்விட்டது. பலருக்கும் போய், இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. அவனுக்கு வரவில்லை. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, ஜெபகனியிடம்கூட. மூக்கு இல்லாமல் போனால் யேசுரத்தினத்திடம் என்ன மிச்சம் என்று அவனுக்கே பயம் வந்திருக்கும். அது எனக்குப் புரிகிறது.

மறு வருடம் பிப்ரவரியில் என் ஜெனித்துக்கு தோஹாவில் வேலைக்கு விசா வந்தது. இருபத்தாறு வயது. எனக்கு ஒரே பிள்ளை. அவன் கூட்டாளி பிரபின் அந்தச் சந்தோஷத்துக்கு நாகர்கோவிலில் யாரிடமோ ஒரு புட்டி வாங்கி வந்தான். லேபிள் கருவாடு லேபிள். இருவரும் பைக்கில் போய் யேசுரத்தினம் மாமாவிடம் காட்டியிருக்கிறார்கள். அவன் மூடியைத் திறந்து, கண்ணை மூடி, வாயை இத்திரி திறந்து, இழுத்து மோந்திருக்கிறான். "அசல் சாதனமாக்கும் மக்களே. கடலு நிக்கி பாத்தியா உள்ள" என்றானாம். இதை எனக்குச் சொன்னது பிரபின். அவனுக்கு இப்போது இரண்டு கண்ணும் தெரியாது.

ஜெனித் மறுநாள் காலையில் கண்ணுக்குள் பனி விழுவது மாதிரி இருக்கிறது என்றான். சாயங்காலம் போய்விட்டான். நான் மருந்து விற்கிறவன். மெத்தனால்தான் என்று டாக்டர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. புட்டியில் நாலு விரல் உயரம் மிச்சம் இருந்தது. போலீஸில் கொடுப்பதற்கு முன்னால் மோந்து பார்த்தேன். சர்க்கரைப் பாகு கலந்த சாராய வாடை. புகை என்று ஒரு சொட்டுக்கூட இல்லை. கண்ணாடி மாட்டுவதற்கு மட்டும் உள்ள என் மூக்குக்கே அது தெரிந்தது.

விற்றவன் ஜெயிலில் இருக்கிறான். யேசுரத்தினத்தை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அடக்கத்தில் அவன் என் தோளில் விழுந்து அழுதான். "எனக்கு எப்பிடித் தப்பாப் போச்சுன்னு தெரியல்லடே" என்றான். எனக்கு மணக்காது என்ற ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

அவனுக்கு மூக்கு இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மூன்று தம்ளரிலும் ஒரே சாதா பிராந்தியை ஊற்றிக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். முதல் தம்ளரை ஆஸ்பத்திரி என்றான். இரண்டாவதைச் சூளை என்றான். மூன்றாவதை ரொம்ப நேரம் மோந்துவிட்டுக் கருவாடு என்றான். நான், "எல்லாம் சரியாச் சொல்லிட்ட" என்றேன். குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டான்.

ஜெனித் போன பிறகும் சனிக்கிழமை தவறாமல் இரணியலுக்குப் போனேன். ஒரு வார்த்தைக்காகப் போனேன். இருபது மாதம் போனேன். கிழங்கு அவித்துத் தந்தான், தம்ளர்களை மோந்து வாய்க்கு வந்ததைச் சொன்னான், சிலநேரம் ஜெனித்தை நினைத்து அழுதான். அந்த வார்த்தை வரவில்லை.

பெபிஷாவின் பிரசவத்துக்கு ஜெபகனி குவைத்துக்குப் போனதால் போன அக்டோபரில் அவன் தனியாக இருந்தான். பதினாலாம் தேதி நான் போனபோது நல்ல மழை. ஜன்னல்களை எல்லாம் அடைத்துப் போட்டிருந்தான். அடுக்களையில் ஸ்டவ்வின் ரப்பர் குழாயை எலி கரண்டியிருந்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்தக் குழாயை நான் தொடவில்லை, அது சத்தியம். கேட்டில் வந்த வாடை முன்னறையில் கண்ணைக் கரித்தது. அவன் நாற்காலியில் காலை நீட்டிப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தான்.

"யேசு, வீட்டுல ஏதாச்சும் மணக்குதாடே?" என்று கேட்டேன்.

அவன் பேப்பரை மடித்துவிட்டு என்னைப் பார்த்தான். என் கையிலிருந்த பைக்குள் புதுப் புட்டி இருந்தது. சோதிக்கிறேன் என்று நினைத்துவிட்டான். கண்ணை மூடினான். வாயை இத்திரி திறந்தான்.

"பைக்குள்ள என்னத்தக் கொண்டாந்திருக்க? புகை வருகு. சிரட்டக்கரி. அடியில உப்பு நிக்கி."

"இன்னும் ஒருக்கா பாரு."

"ஒரு இனிப்பு உண்டு. வருசம் கூடின சாதனம்."

"நல்லா மோந்து சொல்லு யேசு. வேற ஒண்ணும் மணக்கல்லியா?"

"வேற என்ன மணக்கணும்? எனக்க மூக்கயா சோதிக்க?" என்று சிரித்தான்.

மூன்று தடவை கேட்டேன். ஒரு தடவை அவன் எனக்கு மணக்காது என்று சொல்லியிருந்தால் அவனைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போயிருப்பேன். அப்புறம் அரைமணி நேரம் மழையைப் பற்றியும் பெபிஷாவின் பிள்ளையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். நான் எழுந்தேன். "நீ கிழங்க அடுப்புல வையி. நான் ஜங்ஷன்ல போயி நல்ல மீனு கிடந்தா வாங்கிட்டு வாறேன்" என்றேன். அவன் அடுக்களைக்குப் போனான். நான் குடையை எடுத்துக்கொண்டேன். சத்தம் கேட்டபோது பாதி வழியில் இருந்தேன்.

நாகர்கோவிலில் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிரோடு இருந்தான். நான் கூடவே இருந்தேன். இரண்டாவது நாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டான். உதடு மட்டும்தான் அசைந்தது.

"தாசா, எனக்கு மணக்காதுடே. காய்ச்சல் வந்ததுல இருந்தே மணக்காது. ஒனக்க பிள்ளய நான்தான் கொன்னேன். ஒனக்கு முகம் பாத்துச் சொல்ல பேடியா, பயமா இருந்து."

நான் இருபது மாதம் காத்திருந்த வார்த்தை. அதைக் கேட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன், இறங்கவில்லை. "ஒனக்கு முன்னமே தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சாயங்காலம் அடங்கினான். அவன் கேட்டதற்கு நான் வேறு பதில் சொல்லியிருந்தால் கொஞ்சம் சமாதானமாகப் போயிருப்பான். அதை நினைத்து இப்போது தூக்கம் வருவதில்லை.

முதலில் இவ்வளவுதான் எழுதித் தந்தேன். என் பிள்ளையைப் பொய் மூக்கால் கொன்றவனின் மூக்கை நானும் ஒரு தடவை நம்பினேன், அதில் என்ன குற்றம் என்று கடைசியில் எழுதியிருந்தேன். நீங்கள் அதை வாசித்தீர்கள். நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தீர்கள். இந்தத் தேதியைப் பற்றி எழுதவில்லையே என்றீர்கள்.

மூன்று தம்ளரிலும் பிராந்தி ஊற்றிய தேதி. இரண்டாயிரத்து இருபத்தொன்று, செப்டம்பர் பதினெட்டு, சனிக்கிழமை. என் கையெழுத்துதான்.

ஆமாம். அன்றைக்கு ஜெனித் உயிரோடுதான் இருந்தான். இன்னும் ஐந்து மாதம் இருந்தான்.

யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் கேட்டால், கூட்டாளியின் மானத்தைக் காப்பாற்றினேன் என்று இவ்வளவு நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். ஒரு மனுஷன் இல்லாத மூக்கை வைத்துப் பெருமையடிப்பதை, தெரிந்துகொண்டே பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது சுகமாக இருந்தது. எல்லோர் முன்னாலும் அவன் தோற்கிற ஒரு நாள் வரும், அதுவரை வைத்திருப்போம் என்று இருந்தேன்.

அந்த நாள் வந்தது. ஜெனித் கடைக்குப் போன் பண்ணினான். "யப்பா, பிரபின் ஒரு புட்டி கொண்டாந்திருக்கான். மாமாட்ட மணக்கக் குடுத்து, அசலான்னு கேட்டுட்டுக் குடிக்கோம். கேட்டா போதும்லா?" என்றான்.

ராத்திரி விசா சந்தோஷத்துக்குப் பத்துப் பேர் கூடியிருக்கும்போது போய், மாமா அசல் என்று சொன்ன புட்டியை மோந்து, இது போலி என்று நான் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. போலி என்றால் மட்டமான சாராயம் இருக்கும் என்று நினைத்தேன், விஷம் இருக்கும் என்று நினைக்கவில்லை. "மாமாட்டயே கேளு மக்களே, மாமா சொன்னாப் போதும். எனக்கும் இத்திரி வச்சிரு" என்றேன். எனக்குக் கடை அடைக்க நேரமாகிவிட்டது; அவர்கள் இரண்டு பேரும் யாருக்கும் காத்திருக்கவில்லை.

ஜெனித் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை. நாலு விரல் வைத்திருந்தான்.