பேசாமல் கட்டினேன், பேசிக்கொண்டே இறக்கினேன்

என் பெயர் ஈஷே புட்டித், வயது நாற்பத்து நான்கு, கணவர் பெயர் தர்கியாஸ், காலமாகிவிட்டார். ஸன்ஸ்கார் பள்ளத்தாக்கில் சுமதோ கிராமத்தில் கீழ்வாய்க்காலை ஒட்டிய வீட்டில் குடியிருந்து வருகிறேன். மலையேற வருகிறவர்களுக்கு வழிகாட்டியாக இருந்து, என் சொந்தக் குதிரைகளில் அவர்களுடைய சுமையை ஏற்றிப்போகும் தொழில் செய்து வருகிறேன். இதற்கு முன் என் மீது எந்த வழக்கும் கிடையாது. வாய்க்கால் தண்ணீர் விஷயமாகப் பக்கத்து வீட்டுக்காரி ஊர்த் தலைவரிடம் சொன்ன புகார் ஒன்று உண்டு, அதில் நான்தான் ஜெயித்தேன்.

டெல்லியைச் சேர்ந்த குணால் பத்ரா என்பவர் கொடுத்த புகாரை இந்தக் காவல் நிலையத்தில் எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில் அவருடைய நண்பர் விபோர் சக்சேனாவை நான் பட்டினி போட்டு, தண்ணீர் தராமல், ஒரு வார்த்தையும் பேசாமல் குதிரையில் கட்டி, பிறகு வழிநெடுக அடித்தும் கேவலமாகத் திட்டியும் கடத்திக்கொண்டு வந்ததாகச் சொல்லியிருக்கிறார். கட்டியது உண்மை, பேசாதது உண்மை, அடித்தது உண்மை, திட்டியதும் உண்மை. மற்றது பொய். இந்தப் புகார் நிரூபணமாகிவிட்டால் என் வழிகாட்டி அட்டை ரத்தாகும் என்பதும், அட்டை போனால் குதிரைகளை விற்க வேண்டியதுதான் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஒன்றையும் குறைக்காமல் சொல்கிறேன்.

மேற்படி இருவரும் லேயிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கிய மறுநாள் காலையில் என்னுடன் நடக்கத் தொடங்கினார்கள். வழியிலுள்ள கோம்பா என்னும் புத்த மடங்களைப் பார்த்துக்கொண்டே போய், கடைசியாகத் தோங்ரி கோம்பாவில் தங்கி, அதற்கு மேலே உள்ள கணவாயைத் தாண்டுவது என்பது ஏற்பாடு. விபோர் அமைதியானவர், புத்தகம் படித்துவிட்டு வந்தவர். மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மணிச்சுவர் வரும் இடத்திலெல்லாம் சுவர் வலது கைப்பக்கம் இருக்கும்படிதான் நடப்பார், குணால் மறந்து மறுபக்கம் போனால் திரும்பி வரச்சொல்வார். குணால் அதற்கு, எந்தப் பக்கம் போனாலும் கல்லு கோபித்துக்கொள்ளப் போவதில்லை என்பார். எனக்கு விபோரைப் பிடித்திருந்தது. அதனாலேயே அவரைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கத் தவறினேன் என்று இப்போது தோன்றுகிறது. பிடிக்காதவர்களைத்தான் நான் நன்றாகக் கவனிப்பேன்.

நாங்கள் தோங்ரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே நான்காம் மாத விரதம் தொடங்க இருந்தது. அதிகாரி ஐயா ஜம்முவிலிருந்து புதிதாக வந்தவர் என்பதால் இதைச் சொல்கிறேன். முதல் நாள் ஒருவேளைச் சாப்பாடு. இரண்டாம் நாள் சாப்பாடு, தண்ணீர், பேச்சு மூன்றும் கிடையாது, மந்திரம் மட்டும் சொல்லலாம், நாள் முழுக்கச் சன்னிதியில் விழுந்து வணங்கி எழ வேண்டும். மூன்றாம் நாள் விடியலில் கஞ்சி குடித்து முடிப்போம். முடிந்தவர்கள் அதையே அடுத்தடுத்து மாதக் கடைசி வரை செய்வார்கள். செய்த புண்ணியத்தை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். நான் என் கணவருக்குக் கொடுக்க நினைத்திருந்தேன். அவர் போனதிலிருந்து ஒவ்வொரு வருடமும் நினைத்து, ஒவ்வொரு வருடமும் அந்த மாதத்தில் யாராவது மலையேற வந்து, நடக்காமலே போயிற்று. இந்த முறை விருந்தாளிகள் அங்கேயே ஓய்வெடுக்க வேண்டியிருந்ததால் நானும் உட்கார முடிவு செய்தேன். கோம்பாவின் மூத்த பிக்குணி பால்மோ, என்னைச் சிறுவயதிலிருந்து தெரிந்தவள், "புட்டித், நீ ஒரு நாள் பேசாம இருந்தா மலையே இறங்கி வந்து என்னாச்சுன்னு கேக்கும்டி" என்றாள்.

விபோரும் உட்காருவதாகச் சொன்னார். வெளியூர்க்காரர்களுக்குக் கட்டாயமில்லை, கணவாய் ஏற வேண்டிய உடம்பு, வேண்டாம் என்று நான் சொன்னேன். லாமாவும் உடம்பு எப்படி என்று கேட்டார். விபோர் நன்றாக இருப்பதாகச் சொன்னார். முந்தைய நாளிலிருந்தே தலைவலி இருந்ததை எங்கள் இருவரிடமும் மறைத்துவிட்டார். அப்போதே நான் கண்டிப்பாகத் தடுத்திருக்க வேண்டும். அது என் தவறு, அதைத் தனியாகவே எழுதிக்கொள்ளலாம். ஆனால் யாரும் அவரைப் பட்டினி போடவில்லை, யாரும் அவர் கையிலிருந்து தண்ணீரைப் பிடுங்கவில்லை.

அதன் பிறகு இரண்டாம் நாள் காலையில் எல்லோரும் பேச்சை நிறுத்திச் சன்னிதியில் வணங்கத் தொடங்கினோம். விபோர் எனக்கு முன்வரிசையில் இருந்தார். மற்றவர்கள் விழுந்து எழுந்தோம், அவர் விழுந்தால் எழ நேரமானது. போகப்போக நெற்றியைத் தரையில் வைத்தபடி அப்படியே கிடந்தார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். பால்மோ எழுந்து போய் அவர் கழுத்தில் மரியாதையாக ஒரு வெள்ளைப் பட்டுத் துண்டைப் போட்டுவிட்டு வந்தாள். எனக்குக் கண் கலங்கியது, டெல்லியிலிருந்து வந்த பிள்ளைக்கு இருக்கும் பக்தி நமக்கு இல்லையே என்று வெட்கப்பட்டேன். வேறு எந்த ஊரிலாவது ஒருவன் அப்படிக் கிடந்தால் உடனே தூக்கி உட்காரவைத்து என்னவென்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேர் அத்தனை நேரம் கைகூப்பிக்கொண்டிருந்தோம். கேட்கவும் முடியாது, சொல்லவும் முடியாது, அன்று யாருக்கும் வாய் கிடையாது.

அதன் பிறகு நண்பகல் இடைவேளையில் வெளியே வந்தபோது, முற்றத்து ஸ்தூபியை விபோர் எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். எல்லோரும் இடமிருந்து வலமாகப் போக, அவர் எதிரில் வந்து ஒவ்வொருவர் மேலும் மோதிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் நண்பரைத் திரும்பி நடக்கவைத்த மனிதர் அவர். ஓடிப்போய்ப் பிடித்து, மண்ணில் காலால் ஒரு கோடு கிழித்து, அதன்மேல் நடக்கும்படி கையால் காட்டினேன். இரண்டடி வைப்பதற்குள் சரிந்து என் மேல் விழுந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது, மார்பில் காது வைத்தால் தண்ணீர் கொதிப்பதுபோல் சத்தம் கேட்டது. மலை ஏறுகிறவர்களுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொள்வது இதுதான், இதற்கு ஒரே மருந்து கீழே இறக்குவது.

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. குதிரைக்குச் சேணம் போடப் பேச்சு எதற்கு, ஆளை ஏற்றப் பேச்சு எதற்கு என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், விரதத்தை விடியும்வரை காப்பாற்றிவிட்டால் அதன் புண்ணியம் தர்கியாஸுக்குப் போய்ச்சேரும் என்ற ஆசைதான். குதிரையைக் கொண்டுவந்தேன். விபோரால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை, இறங்க வேண்டும் என்று கையை உதறினார். கயிறு சுமையோடு கோம்பாவுக்கு வெளியே போட்டிருந்த எங்கள் கூடாரத்தில் இருந்தது. பால்மோ நிலைமையைப் பார்த்துவிட்டுத் தன் இடுப்புத்துணியை அவிழ்த்து என் கையில் கொடுத்தாள், அவிழ்ந்த அங்கியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் எனக்கு முடிச்சுப் போட உதவினாள். ஆகவே புகாரில் கயிறு என்று எழுதியிருப்பதைத் துணி என்று மாற்ற வேண்டும்.

குணால் விரதத்தில் இல்லை. கூடாரத்தில் நூடுல்ஸ் சமைத்துக்கொண்டிருந்தவர் சத்தம் கேட்டு ஓடிவந்து குதிரையின் முன் நின்றார். "என்ன பண்றீங்க? அவன் விரதத்துல இருக்கான், அவனே முடிக்கணும்னு ஆசைப்பட்டான், கெடுக்காதீங்க" என்றார். நாளை மறுநாள் கணவாய் ஏறத்தானே வந்தோம் என்றும் கேட்டார். நான் மூச்சிரைப்பதுபோல் நடித்துக் காட்டினேன், கீழே கையைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை, புரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டுக் குதிரையை நடத்தினேன். அதன் பிறகு அவர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தார். அந்தப் படத்தை இங்கே எனக்கும் காட்டினார்கள். முடிச்சு சரியாகத்தான் போட்டிருக்கிறேன்.

அதன் பிறகு ஓடையைத் தாண்டிப் பாறைவிளிம்புப் பாதைக்கு வந்தோம். அங்கே விபோரின் தலை குதிரையின் கழுத்தில் தொங்கிவிட்டது. தொடையில் தட்டினேன், காதைத் திருகினேன், கண் திறக்கவில்லை. அந்தப் பாதையில் அவர் தூங்கினால் அத்தோடு முடிந்தது என்று எனக்குத் தெரியும். கன்னத்தில் அறைந்தேன், அதற்கும் அசையவில்லை. அப்போதுதான் பேசினேன். முதலில் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளலாம்: "டேய் கழுதை, கண்ணத் தொறடா. என் புருஷனுக்காகச் சேத்து வச்சதயெல்லாம் உனக்குக் கொட்டி அழுதாச்சு, இனி செத்துத் தொலஞ்சேன்னா, நானே உன்னக் கொன்னுடுவேன்." கண்ணைத் திறந்தார்.

விரதம் போனது போனதுதான், இனி எதற்குக் கஞ்சத்தனம் என்று அங்கிருந்து கீழே வரும்வரை வாயை மூடவில்லை. புகாரில் சொல்லியிருக்கும் வார்த்தைகள் எல்லாம் நான் சொன்னவைதான், இன்னும் சில விட்டுப்போயிருக்கின்றன, குணால் அவ்வளவு பின்தங்கிவிட்டார். விபோரின் பாட்டிலிலிருந்து அவருக்கு வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றினேன். எனக்கும் நாக்கு ஒட்டிக்கொண்டது, நான் குடிக்கவில்லை. பேச்சு போனது, தாகமாவது மிஞ்சட்டும் என்று விட்டுவிட்டேன். திட்டிக் களைத்தபோது கதை சொன்னேன், வேறு கதை தெரியாததால் வீட்டுக்கதையே சொன்னேன். எங்கள் ஊரில் முதல் பிரஷர் குக்கர் என் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடித்ததையும், அந்தக் குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் நடந்து லே போய் வாங்கிவருகிறேன் என்று தர்கியாஸ் கிளம்பியதையும், குக்கருக்குள் போய் உட்கார்ந்துகொள் உன்னையும் சுமந்து வருகிறேன் என்று அவர் கேலி செய்ததையும் சொன்னேன். ஆற்றங்கரை வரை போய் வழியனுப்பினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது வண்டிச்சாலை வந்துவிட்டது. ஒரு சிமெண்டு லாரியை மறித்து ஏற்றி, பொழுது சாய்வதற்குள் சுகாதார நிலையத்தில் சேர்த்தேன். உடனே பிராணவாயு வைத்தார்கள். அன்றிரவு மேலேயே படுத்திருந்தால் விடியலில் எழுந்திருக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னார், அதை அவர் எழுதியும் கொடுத்திருக்கிறார்.

மறுநாள் காலையில் பார்க்கப் போனேன். முகத்தில் குழாயோடு படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை விலக்கி, "அக்கா, குக்கர் வந்துச்சா?" என்று கேட்டார்.

வந்தது என்று சொன்னேன். கூடப் போனவர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள், அவர் காலடியில் ஆற்றுப்பனி உடைந்த இடத்தில் அது மட்டும் பனிக்கட்டி மேல் நின்றுவிட்டதாம் என்றேன். அவர் அழுதார். நானும் அழுதேன். நடந்து இத்தனை வருடங்களில் அதை வெளி ஆள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் முறை. சொன்னபின் மனம் லேசாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

குணாலைப் பற்றி எனக்குக் கோபமில்லை. நண்பனின் அம்மா தொலைபேசியில் என் பிள்ளையை என்ன செய்தாய் என்று கேட்டிருக்கிறார், பழியைப் போட ஓர் ஆள் வேண்டியிருந்தது, நான் கையருகே இருந்தேன். நான் மன்னிப்புக் கேட்டால் புகாரைத் திரும்பப் பெறுவதாக அவர் சொல்வதை அதிகாரி எனக்குத் தெரிவித்தார். அவரைத் தோளால் இடித்ததற்குக் கேட்கிறேன். கட்டியதற்கும் அடித்ததற்கும் கேட்கமாட்டேன், அட்டை போனாலும் சரி. லாமாவையும் பால்மோவையும் கோம்பாவில் யாரையும் இதற்காக அழைக்க வேண்டாம், அவர்களுக்குத் தெரிந்தது எனக்கும் தெரியும், அது முழுவதும் இதில் வந்துவிட்டது.

நான் இந்தியில் சொன்னதை எழுதி, எனக்குத் திரும்பப் படித்துக் காட்டினார்கள். முரட்டுத்தனமாகக் கட்டினேன் என்று இருந்த இடத்தில் இறுக்கமாகக் கட்டினேன் என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். யாரும் மிரட்டவில்லை, தேநீர் கொடுத்தார்கள். இதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. தோங்ரியில் அடுத்த விரதம் நாளை தொடங்குகிறது, நான் இப்போதே மேலே போகிறேன். மேற்கொண்டு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் நாளை இரவுக்குள் ஆள் அனுப்பவும், அதற்கு மறுநாள் நான் யாருக்கும் பதில் சொல்லமாட்டேன். ஆனால் அன்று சன்னிதியில் யாராவது விழுந்து எழாமல் கிடந்தால், அவர் எப்பேர்ப்பட்ட பக்தராக இருந்தாலும், பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்புவேன்.

(ஒப்பம்) ஈஷே புட்டித்