உலகம்மை கேட்ட கூலி

அந்தக் காலத்துல, செம்மண்ணு மேடு மேடாக் கெடக்குற தேரிக்காட்டு ஓரத்துல, ஆலந்தேரி ஆலந்தேரின்னு ஒரு ஊரு இருந்துச்சாம். ஊருக்கு ஒரு பெரிய பள்ளிக்கூடம். எல்லாம் பயலுகதான். பொட்டப்பிள்ளை வாசப்படி மிதிக்கப்படாது. மிதிச்சா என்ன, கட்டடம் இடிஞ்சா விழுந்துரும்? அப்படி ஒரு கிறுக்கு அந்தக் காலத்துல.

பள்ளிக்கூடத்துல குடிக்கத் தண்ணி கெடையாது. கெணறு வெட்ட மாடக்கண்ணுன்னு ஒருத்தரக் கூப்பிட்டாகளாம். அவரு பொஞ்சாதிதான் உலகம்மை, நம்ம பூட்டிக்கும் பூட்டி. அவ மண்ணு சொமந்தா. "கூலி என்ன வேணும்?"னு கேட்டாராம் பள்ளிக்கூட மேனேசர் ஆறுமுகநயினார். "துட்டு வேண்டாம்யா. எம்மவ செல்லத்தாயப் பயலுகளோட ஒக்காத்திப் படிக்க வைங்க"ன்னாளாம் உலகம்மை. மேனேசருக்குச் சிரிப்பு. அந்த மண்ணுல எவன் நல்ல தண்ணி கண்டான்? "தண்ணி வரட்டும், சேத்துக்கிடுதேன்"னுட்டாராம்.

வெட்டுனாரு, வெட்டுனாரு, தோண்டத் தோண்டச் செம்மண்ணு. ஒருநா ஊத்து பீச்சிருச்சாம். எளநி மாதிரித் தண்ணி! கெணறு வெட்டுறவுகளுக்குள்ள ஒரு மொறை உண்டு. மொதத் தண்ணிய வெட்டுனவரே கலயத்துல மோந்து, தன் பிள்ளை கையில குடுக்கணும். ஆனா பக்கமண்ணு ஊறித் தளந்து கெடக்கு. "நாளைக்கு எறங்குங்க, முட்டுக் குடுத்துட்டு எறங்குங்க"ன்னு கையப் பிடிச்சாளாம் உலகம்மை. கேட்டாரா மனுசன்? கலயத்தோட எறங்குனாரு. மண்ணு மொத்தமும் சரிஞ்சு மூடிருச்சு. அய்யோ, என்னத்தச் சொல்ல! வெறுங்கையால அள்ளு அள்ளுன்னு அள்ளுனாளாம். எடுத்தப்ப உசுரு இல்ல.

பள்ளிக்கூட வாசல்லயே பாடை கட்டிக் கெடத்துனாக. மேனேசர் வந்து, "போனவருக்குக் குடுத்த வாக்கு அவரோட போச்சும்மா. ஆகுற செலவ நான் பாத்துக்கிடுதேன்"னாராம்.

உலகம்மை அழலையாம். "தண்ணி வந்துச்சா இல்லையா? எங்க கூலியக் குடுங்க. பெறகு அவரத் தூக்குங்க"ன்னு பாடைக்குக் குறுக்க ஒக்காந்துட்டாளாம். தூக்க வந்த ஆளுகளும் கையக் கட்டிட்டு நின்னுட்டாக. வெயிலேறுது. மேனேசரு என்ன செய்வாரு? "சரி, போகட்டும் உள்ள"ன்னுட்டாராம்.

செல்லத்தாய மொத பெஞ்சுல ஒக்காத்துனாக. வெளிய சங்கு ஊதிப் பாடையத் தூக்குனாக. வாத்தியாரு, பயலுக எல்லாரும் மரியாதைக்கு எந்திரிச்சு நின்னாக. பெத்த பிள்ளைக்குப் பொறுக்குமா? "அப்பா!"ன்னு கத்திக்கிட்டு அதுவும் எந்திரிக்கப் போச்சாம். வாசல்ல நின்ன உலகம்மை தொண்ட கிழியச் சத்தம் போட்டாளாம்: "எந்திரிக்காதளா! எந்திரிச்சா எடம் போயிரும்!"

அப்பன் மொகத்தக் கடைசியா ஒரு தரம் பாக்காம, பெஞ்சப் பிடிச்சுக்கிட்டே இருந்துச்சாம் அந்தப் பிள்ளை.

இப்ப அங்க ஆணும் பொண்ணும் சரிபாதி படிக்குது. தெருவுல பிரேதம் போனா, பயலுக எந்திரிச்சு நிப்பானுக. பொம்பளப்பிள்ளைக ஒண்ணுகூட எந்திரிக்காது. வெளியூரு வாத்தியாரு யாராச்சும் "மரியாதை தெரியாதா?"ன்னு அதட்டுனாலும் எந்திரிக்காது. பெஞ்சப் பிடிச்சுக்கிட்டுத் தலையக் குனிஞ்சு இருக்கும். உலகம்மை சொல்லிட்டுப் போயிருக்காள்ல.