வேறு கை படாத கார்

அந்தக் காரை வெயிலில் நிறுத்தக்கூடாது சார். ஸ்டேஷன் பின்னால் வேப்பமரம் இருக்கிறதே, அந்த நிழலுக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். இத்தாலியில் பூசிய சிவப்பு அது. நம் ஊர் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும்.

என் பெயர் வீராசாமி. நாகலாபுரம் பக்கம். ஷார்ஜாவில் இந்த மாதிரி கார்களை மட்டும் பார்க்கிற ஷெட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்கு நிலம் போன பணத்தில் எங்கள் ஊர் நிலக்காரர் ஹரிபிரசாத் அண்ணன் இந்தக் காரைப் பழையதாக பெங்களூரில் வாங்கினார். வாங்கிய பிறகுதான், புத்தூரில் அதன் பானட்டைத் திறக்கக்கூட ஆள் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. எனக்கு போன் போட்டார். விசாவை விட்டுவிட்டு வந்தேன்.

வந்ததும் பூஜைக்குக் காணிப்பாக்கம் போனோம். கார் தரையைத் தொட்டுக்கொண்டு போகும். வேகத்தடையில் அடிவயிறு இடிக்கும். ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் இறங்கி, பலகை வைத்து ஏற்றி இறக்கினேன். பாகாலாவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

காணிப்பாக்கம் விநாயகர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்படமாட்டான் என்பது எங்கள் பக்கம் தெரியாதவர் இல்லை. அண்ணன் குளத்தில் முழுகினார். ஈரத்துணியோடு சந்நிதியில் நின்று, அவராகவே என் கையைப் பிடித்தார்.

"உன் கையைத் தவிர இந்த வண்டி மேல வேற கை படாது வீரா. என் பொண்ணு ஹரிதா மேல சத்தியம்."

என் அப்பன் அவர்கள் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவன். அந்த வீட்டில் யாரும் அதுவரை எங்கள் கையைப் பிடித்ததில்லை. நான் அழுதேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தக் காரை நான் எப்படி வைத்திருந்தேன் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கிளட்ச் தட்டு இத்தாலியிலிருந்து வந்து சேரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. என் மாமனார் சாவுக்கு நான் ஊருக்குப் போன நேரம் பார்த்து, அண்ணன் காரை பெங்களூர் ஷெட் ஒன்றுக்கு அனுப்பிவிட்டார். சத்தம் கூட்ட சைலன்சர், அகலமான சக்கரம், இன்னும் என்னென்னவோ. திரும்பி வந்த காரைத் தூக்கிப் பார்த்தேன். மரை தேய்ந்த போல்ட்டை எவனோ சுத்தியால் அடித்து ஏற்றியிருந்தான். எனக்கு வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

"இன்னா அண்ணா, சத்தியம் பண்ணீங்களே?"

"பூஜைக்குப் போன எடத்துல ஒரு பேச்சுக்குச் சொன்னது. அதைப் புடிச்சிக்கினு தொங்குறியே. போ, போய் சோறு துன்னு."

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்கு எப்போதும்போலக் கொல்லைப்பக்கம் இலை போட்டிருந்தார்கள்.

நான் அவசரப்படவில்லை. சாமி பார்த்துக்கொள்ளும் என்று இருந்தேன். தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. அவர் வீட்டில் ஒருவருக்கும் ஒரு தலைவலிகூட வரவில்லை. சாமிக்கும் ஆயிரம் வேலை. யாராவது கொஞ்சம் கைகொடுக்க வேண்டும்.

ஹரிதா அமெரிக்காவில் வேலை செய்கிறவள். லீவில் வந்தால் ஒருமுறை தனியாகக் காரை எடுத்துக்கொண்டு திருமலைக்குப் போவாள். நல்ல பெண். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நேற்றுக் காலையில் ஷெட்டுக்கு வந்தாள்.

"நைனா தூங்கிக்கினு இருக்காரு அண்ணா. நான் மலைக்குப் போயிட்டு வந்துடறேன். வண்டி சரியா இருக்குதா?"

"சரியா இருக்குதும்மா."

பிரேக்கில் செய்ய வேண்டியதை நான் முந்தின நாளே செய்து முடித்திருந்தேன். மலை ஏறும்போது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். வாசல் மேட்டில் அடிபடாமல் இருக்க, பலகை வைத்து நான்தான் காரை வெளியே விட்டேன். கையசைத்துவிட்டுப் போனாள்.

அப்பன் செய்த தப்புக்குப் பெண்ணை ஏன் கொன்றாய் என்கிறீர்கள். அவர் சத்தியம் செய்தது தன் மேல் இல்லையே சார். பெண் மேல். யார் மேல் செய்தாரோ அவர் தலையில்தான் அது விழவேண்டும். அவரைக் கொன்றிருந்தால் அதற்குப் பெயர் கொலை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள். போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். காரில் முன்பக்கம்தான் நசுங்கியிருக்கிறது. இந்தக் காருக்கு இன்ஜின் பின்பக்கம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை, வரும்போது பார்த்தேன். நான் வெளியே வந்து சரிசெய்துவிடுவேன். அதுவரை வேறு எந்த மெக்கானிக்கையும் கிட்டே விடாதீர்கள். ஹரிபிரசாத் அண்ணன் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார்.